ஜப்பான் கோயிலில் சட்டை கழற்றியவர்

மொன்ட்ரியாலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் சனம் கூடும் இடங்களில் ஒரு பகிடிக் கதை உலவுகிறது. பிறந்தநாள் விழாவில் கேக் வெட்டி முடிந்து, ஆண்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்ததும் யாராவது தொடங்கிவிடுவார்கள். எங்கள் ஆள் ஒருவர் ஜப்பானுக்குப் போனாராம். அங்கே ஆயிரம் வருடப் பழைமையான புத்த கோயில் ஒன்று. வாசலில் சப்பாத்தைக் கழற்றும்படி சைகை காட்டினார்களாம். மனிதர் சப்பாத்தைக் கழற்றி, ஜாக்கெட்டைக் கழற்றி, சேட்டைக் கழற்றி, பெனியனையும் கழற்றி, வயிறு குலுங்கக் கும்பிட்டபடி உள்ளே நடந்தாராம். ஜப்பான்காரர் இவர் குளிக்க வந்தவர் என்று நினைத்துத் துவாய் கொண்டுவந்து கொடுத்தார்களாம். இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்தக் கதையைக் கட்டியவன் நான். துவாய் நான் சேர்த்தது. யாரும் துவாய் கொண்டுவரவில்லை. வயிறு குலுங்கியதும் பொய். அந்த மனிதருக்கு வயிறே கிடையாது. விலா எலும்புகளை எண்ணலாம். கதையில் வரும் 'எங்கள் ஆள் ஒருவர்' என் கூடப்பிறந்த அண்ணை. அதை இதுவரை எந்த மேசையிலும் நான் சொன்னதில்லை. எனக்கு எழுபத்தொரு வயதாகிறது. இப்போது சொல்கிறேன்.

அண்ணை என்னைவிட நான்கு வயது மூத்தவர். திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நான் படித்துப் பூகோள ஆசிரியனாகி, எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மொன்ட்ரியாலுக்கு வந்து, டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை தேடிக்கொண்டேன். பிரெஞ்சை இலக்கணத்தோடு கற்றேன். என் உச்சரிப்பை மெச்சிய கியூபெக்காரர்களின் முகங்களை இன்றும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். அண்ணையும் அண்ணியும் சில வருடங்கள் கழித்து வந்தார்கள். மூன்று பேராக வந்திருக்க வேண்டியவர்கள் இரண்டு பேராக வந்தார்கள்.

அவர்களுக்கு ஒரே மகன். இருபது வயதில், ஒரு சுற்றிவளைப்பில், விசாரித்துவிட்டு அனுப்புவோம் என்று சொல்லி இராணுவம் அவனைக் கூட்டிக்கொண்டு போனது. அண்ணை ஏறி இறங்காத முகாம் இல்லை. கடைசியில் ஒருவர் ஒரு வழி சொன்னார். நகரத்துக்கு வெளியே ஒரு விகாரையில் பெரிய பிக்கு ஒருவர் இருக்கிறார், முகாமின் பொறுப்பதிகாரி அவருடைய சொல்லைத் தட்டமாட்டார், அவரைப் போய்ப் பாருங்கள் என்றார். அண்ணை மூன்று நாள் அந்த விகாரையின் வாசலில் நின்றார். முதல் நாள் பிக்கு தியானத்தில் இருக்கிறார் என்றார்கள். இரண்டாம் நாள் கொழும்புக்குப் போய்விட்டார் என்றார்கள். மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை, கேற்றைப் பூட்டினார்கள். பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதனால் அவர்கள் அவனுக்கு அந்தியேட்டி செய்யவில்லை, திவசம் செய்யவில்லை. வீட்டில் அவனுடைய படத்துக்கு மாலை போடவும் இல்லை. அது மற்றப் படங்களோடு படமாகச் சுவரில் தொங்கியது.

மொன்ட்ரியாலில் அண்ணைக்குக் கிடைத்தது டவுன்டவுனில் ஒரு ஜப்பானிய உணவகத்தின் சமையலறை. பதினொரு வருடம் அரிசி கழுவினார். தண்ணீர் தெளியும்வரை எட்டுத் தரம் கழுவ வேண்டும், வெந்த சோற்றை மரத் தொட்டியில் கொட்டி வினாகிரி தெளித்து, விசிறிக்கொண்டே பிரட்ட வேண்டும். முதலாளி அம்மா ஜப்பானியப் பெண். அண்ணையின் சோற்றைத் தொட்டுப் பார்க்காமல் மேசைக்கு அனுப்புவார் என்று அண்ணை பெருமையாகச் சொல்வார். அந்த அம்மாவிடமிருந்து நாற்பது ஐம்பது ஜப்பானியச் சொற்களும், குசினியில் நின்ற மற்றவர்களிடமிருந்து அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பிரெஞ்சும் அவருக்குச் சேர்ந்தன. எல்லாம் வேலைக்கான சொற்கள். நான் அவற்றைத் திருத்துவேன். அவர் திருந்தியதில்லை.

ஊரில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலத்தில் என் மகள் ஆராய்ச்சிக்காக ஒசாக்காவில் இருந்தாள். அவளைப் பார்க்க நான் புறப்பட்டபோது அண்ணை தானும் வருவதாகச் சொன்னார். அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றிருந்தார். அங்கே பழைய புத்த கோயில்கள் இருக்கின்றனவாம், ஒன்றுக்குள் போக வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன்.

"அண்டைக்குப் பிக்குவிட்டைக் கேக்க விடேல்லை. வெயிட்டரோடை மினக்கெட்டு என்ன பிரயோசனம்? முதலாளியிட்டையே கேப்பம்."

"என்ன கேக்கப் போறியள்?"

"என்ரை பிள்ளை எங்கை எண்டு."

நான் அவருக்கு வகுப்பெடுத்தேன். ஜப்பானின் பௌத்தம் வேறு, இலங்கையின் பௌத்தம் வேறு, அது எந்த வழியாக, எந்த நூற்றாண்டில் அங்கே போனது என்று ஒரு படமே கீறிக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆள் ஒண்டுதானே?" என்றார்.

விஷயம் வெளியே போயிற்று. ஒரு சனிக்கிழமை ஜான்-டலோன் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தோம். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் வந்து, புத்த கோயிலுக்கோ போகப் போறியள், இவ்வளவு நடந்த பிறகும் உங்களுக்கு வெட்கமில்லையோ என்று அண்ணையை எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகக் கேட்டார். அண்ணை கையிலிருந்த தக்காளியை மூக்கில் வைத்து மணந்து பார்த்துப் பைக்குள் போட்டார். "வெக்கப்பட வேண்டிய ஆள் நானில்லைத் தம்பி" என்றார். கேட்டவர் போய்விட்டார். எனக்குத்தான் காது சுட்டது. நான் அப்படிப்பட்டவன். யாராவது பார்க்கிறார்களா என்பதே எனக்கு எப்போதும் முதற் கேள்வி.

நாராவுக்கு ஒரு டிசம்பர் நாளில் போனோம். மகளுக்கு வேலை இருந்ததால் நாங்கள் இருவர் மட்டும். அங்கே பூங்காவில் மான்கள் ஆட்களுக்கு நடுவே நடந்து திரிகின்றன. அண்ணை சற்று நேரம் அசையாமல் நின்றார். எங்கள் ஊரிலும் கோணேசர் கோயிலுக்குப் போகும் கோட்டைப் பாதையில் மான்கள் இப்படித்தான் நிற்கும். அவற்றைத் தாண்டி, இராணுவத்தினருக்கு அடையாள அட்டை காட்டிக் கோயிலுக்குப் போவோம். இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை. குளிராக இருக்கிறதா என்று கேட்டேன். "இது குளிரோ? இந்தக் குளிருக்கு எங்கடை இடத்திலை ஐஸ்கிறீம் குடிப்பாங்கள்" என்றார்.

நாங்கள் போனது பூங்காவின் ஓரத்தில் இருந்த, பெரிய கூட்டமில்லாத ஒரு பழைய கோயில். முழுவதும் மரம். நூற்றாண்டுகளின் புகை படிந்து தூண்கள் கறுத்திருந்தன. உள்ளே, மங்கலான வெளிச்சத்தில், பொன்பூச்சு தேய்ந்த புத்தர் உட்கார்ந்திருந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொல்லிப் படம் போட்டிருந்தது. அங்கே எனக்கு ஒரு கியூபெக் தம்பதியின் அறிமுகம் கிடைத்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். மொன்ட்ரியாலில் இருந்து வருகிறேன் என்று பிரெஞ்சில் சொன்னதும் அவர்களுக்கு ஆச்சரியம், எனக்கு ஆனந்தம். கோயிலின் கூரை அமைப்பைப் பற்றி நான் வழிகாட்டி நூலில் வாசித்திருந்ததையெல்லாம் அவர்களுக்கு விளக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். அண்ணை வாசலில் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அவர் அதோடு நிற்கவில்லை. எங்கள் கோயில்களில் ஆண்கள் மேலுடம்பை மறைத்துக்கொண்டு சாமிக்கு முன்னால் போவதில்லை. அறுபத்தொன்பது வருடப் பழக்கம். சப்பாத்தைக் கழற்றச் சொன்ன இடம் கோயில். கோயில் என்றால் சட்டையும் கழற்ற வேண்டும். அவருக்கு அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது வெற்றுடம்போடு நின்றார். கழற்றியவற்றை மடித்து இடது கையில் போட்டிருந்தார். நெற்றியிலும் மார்பிலும் புயங்களிலும் மூன்று குறியாகத் திருநீறு. மொன்ட்ரியாலிலிருந்து பொட்டலத்தில் கொண்டுவந்திருக்க வேண்டும். மஞ்சள் தொப்பி போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். யாரோ படம் எடுத்தார்கள். அண்ணை எவரையும் பார்க்கவில்லை. கிரேன் ஓட்டும்போது கொக்கியின் நுனியை மட்டும் பார்ப்பாரே, அதைப்போல் புத்தரை மட்டும் பார்த்து நடந்து வந்தார்.

என் பக்கத்தில் நின்ற பெண்மணி, அவர் உங்களோடு வந்தவரா என்று என்னைக் கேட்டார். கேட்டதில் கேலி இல்லை. உதவி செய்யலாமா என்ற தொனிதான் இருந்தது. இல்லை, எனக்குத் தெரியாதவர் என்றேன். நல்ல பிரெஞ்சில், இலக்கணப் பிழையில்லாமல் சொன்னேன்.

அண்ணை அப்போது எங்களுக்கு ஆறேழு அடி தள்ளித்தான் நின்றார். அந்த அளவு பிரெஞ்சு அவருக்குத் தெரியும். தலை லேசாகத் திரும்பியது. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதற்குள் கோயில் ஊழியர் ஒருவர், வயதானவர், அவசரமாக வந்து குனிந்து வணங்கி, உடுப்பைப் போடும்படி பணிவாகச் சைகை காட்டினார். அண்ணை தலையை ஆட்டினார், முடியாதென்று. ஊழியர் சுற்றிலும் பார்த்து, உங்களோடு யாராவது வந்திருக்கிறார்களா என்று கையாலும் வாயாலும் கேட்டார். அண்ணை ஒரு விரலைக் காட்டி, "ஹிதோரி" என்றார். உணவகத்தின் வாசலில் தனியாக வரும் வாடிக்கையாளரைப் பார்த்து முதலாளி அம்மா உள்ளே குரல் கொடுக்கும் சொல் அது. ஒரே ஓர் ஆள்.

ஊழியர் அவரைத் தொடாமல், கையை மட்டும் நீட்டிப் பக்கவாசல் வழியாக வெளியே அழைத்துப் போனார். புத்தருக்கு முன்னால் அவர் போய்ச் சேரவில்லை. நான் உள்ளேயே இருந்தேன். இருபது நிமிடம் அந்தத் தம்பதிக்குத் தூண்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது அண்ணை சட்டை, ஜாக்கெட் எல்லாம் போட்டு ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். திருநீறு அழியவில்லை. என்னைப் பார்த்ததும் எழும்பினார். கையைப் பிசைந்துகொண்டு, என்னிடம் அனுமதி கேட்பவர்போல, "இன்னொருக்கா உள்ளுக்குப் போட்டு வரட்டோ? சேட்டோடையே போறன்" என்றார்.

அந்தத் தம்பதி இன்னும் உள்ளே இருந்தார்கள். நான் அவரோடு திரும்பிப் போனால் அவர்கள் பார்ப்பார்கள்.

"நேரமில்லை அண்ணை" என்றேன்.

அப்போது பின்னேரம் இரண்டு மணி. ஒசாக்காவுக்கு ரயில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று. ஓம் என்று சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் நடந்தார்.

திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் அந்தப் பகிடியைச் சொல்லத் தொடங்கினேன். ஏன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். அதைச் சிரிப்பாக்கிவிட்டால் நான் செய்தது குற்றமாகத் தெரியாது என்று நினைத்திருக்க வேண்டும். சனம் சிரித்தது. துவாயைச் சேர்த்தேன்; இன்னும் சிரித்தது. பிறகு கதை என்னை விட்டுப் போய்த் தானாக நடந்தது. பக்கத்து நகரமான லாவால் வரைக்கும் போயிற்று.

மூன்று வருடம் கழித்து, ஒரு குழந்தையின் முதலாம் பிறந்தநாளில், மண்டபத்தில் அண்ணையும் நானும் ஒரே மேசையில் இருந்தோம். எதிரே இருந்த ஒருவர் இந்தக் கதையை அண்ணைக்கே சொல்லத் தொடங்கினார். அண்ணை கடைசிவரை கேட்டார். துவாய் வந்ததும் மேசை சிரித்து அடங்கியது.

"அது நான்தான்" என்றார் அண்ணை. "துவாய் ஒருத்தரும் தரேல்லை."

கதை சொன்னவர் சமாளிக்கப் பார்த்து, புத்த கோயிலுக்கு ஏன் அண்ணை சட்டையைக் கழட்டினனீங்கள் என்று கேட்டார்.

"கோயில் எண்டால் கோயில்தானே. சேட்டைப் போட்டுக்கொண்டு போய் நிக்கிறதுக்கு அவர் என்ன அரசாங்கக் கச்சேரியிலை இருக்கிற பெரிய துரையோ? எனக்கு அவரிட்டை ஒரு கேள்வி இருந்தது. கேக்கப் போனனான்."

"கேட்டனீங்களோ?"

அவர் என்னைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. "இல்லை. தனியத்தானே போனது. நேரம் காணாமப் போட்டுது" என்று சொல்லி, கேக் துண்டை முள்ளுக்கரண்டியால் வெட்டி வாயில் போட்டார்.

அந்த நிமிடத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. திறக்கவில்லை. போன வருடம் அண்ணை நித்திரையிலேயே போய்விட்டார். செத்தவீட்டில் நான் அவரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று கைகொடுத்தார்கள்.

இதை எழுதப்போகிறேன் என்று தெரிந்த நண்பர்கள் இரண்டு பேர் தடுத்தார்கள். ஊரில் இன்று நடப்பதை வைத்துக்கொண்டு, ஒரு தமிழன் புத்தரிடம் போய் நின்றான் என்று எழுதினால் சனம் என்ன சொல்லும் என்றார்கள். சொல்லட்டும். அவர் மண்டியிடப் போகவில்லை, மன்னிக்கப் போகவில்லை. உன் பெயரைச் சொல்லிக்கொண்டு என் வாசலுக்கு வந்தவர்கள் என் பிள்ளையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று, உரியவரின் முகத்துக்கு நேரே கேட்கப் போனார். எங்களில் ஊர்வலம் போனவர்கள் உண்டு, மனுக் கொடுத்தவர்கள் உண்டு. நேரே போய்க் கேட்கப் புறப்பட்டவர் அவர் ஒருவர்தான். அவரைத் தடுத்தது சிங்களவனும் அல்ல, ஜப்பான்காரனும் அல்ல. நான்.

அச்சில் வருமுன் அண்ணியிடம் சொல்ல வேண்டும் என்று போன புதன்கிழமை போனேன். பார்க் மெட்ரோவுக்குக் கிட்ட, மூன்றாம் மாடி. அண்ணி யன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஜப்பான் பயணத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவர் முகம் தெளிந்தது.

"இவர் வந்த அண்டைக்கே எனக்குச் சொன்னவர். கேட்டிட்டன், அவர் ஒண்டும் சொல்லேல்லை, ஆனால் நல்லாய்க் கேட்டுக்கொண்டிருந்தவர் எண்டு."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அண்ணை அவருக்குப் பொய் சொல்லியிருக்கிறார். ஆறு வருடமாக இந்தப் பெண் அந்தப் பொய்யின்மேல் இருந்திருக்கிறார். எழும்பிப் போய்விடலாம், இந்தக் கட்டுரையைக் கிழித்துப் போடலாம், அதுதான் இரக்கம் என்று மனம் சொன்னது. என் மனம் எப்போதும் இப்படி ஏதாவது நல்ல காரணம் கண்டுபிடிக்கும். நான் சொன்னேன். பிரெஞ்சில் சொன்னதையும், இருபது நிமிடத்தையும், சேட்டோடு போகிறேன் என்று அவர் கேட்டதையும், ரயிலையும்.

அண்ணியின் விரல்கள் கீரையில் கொஞ்ச நேரம் தொடர்ந்து வேலை செய்தன. பிறகு நின்றன.

"அப்ப இவர் கேக்கேல்லை."

"இல்லை."

"நீங்கள் மறிச்சனீங்கள்."

"ஓம் அண்ணி."

அவர் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. சுவரில் இருந்த மகனின் படத்தைப் பார்த்தார்.

"ஆறு வருசமாய் நான் பதில் வரும் வரும் எண்டு இருந்தனான்" என்றார். "கேள்வியே போகேல்லை."

அவர் மடியிலிருந்த தண்டுகளைக் கடதாசியில் கொட்டி, எழும்பிப் போய்க் கையைக் கழுவினார். முழங்கால் நோவால் சுவரைப் பிடித்துத்தான் நடந்தார். திரும்பி வந்து எனக்கு முன்னால் நின்றார்.

"அந்தக் கோயில் இருக்கிற இடம் உங்களுக்கு நினைவிருக்கோ?"

"இருக்கு."

"பாஸ்போர்ட் எடுக்க எத்தினை நாள் செல்லும்?"

அவருக்கு எழுபத்திரண்டு வயது. தனியாக ஜான்-டலோன் சந்தைக்கு அப்பால் போனதில்லை. முழங்கால், குளிர், பதினாறு மணி நேரப் பறப்பு என்று எனக்குள் ஒரு பட்டியல் கிளம்பியது. நான் அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, மூன்று நான்கு கிழமை என்றேன்.

"நான் மனசுக்குள்ளை கேக்கமாட்டன். வாய்விட்டுத்தான் கேப்பன், பெரிசாய். கூட வர உங்களுக்கு வெக்கமெண்டால் இப்பவே சொல்லிப் போடுங்கோ. நான் வேறை ஆளைப் பாக்கிறன்."

நான் வருகிறேன் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. படிவத்தை நாளைக்கே கொண்டு வரச் சொல்லிவிட்டு, கீரையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார்.